சாவி போட்டதுமே ஓடி, நிற்காத ரேடியேட்டர் ஃபேன்: எங்கே தேடுவது?

கேள்வியின் சுருக்கம் இது. ஏழு வருடம் ஓடிய பெட்ரோல் ஹேட்ச்பேக். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போதே சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால் ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் ஓடத் தொடங்குகிறது. ஏ.சி. போடவில்லை. சாவியை எடுத்தால் நின்றுவிடுகிறது. எஞ்சின் சூடானதாக எந்தச் சிவப்பு விளக்கும் வரவில்லை. ஆனால் செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, மைலேஜும் இறங்கிவிட்டது. எலக்ட்ரீஷியன் ரிலேயை, அதாவது ஃபேனுக்குக் கரண்டை விடும் மின் சுவிட்சை, மாற்றிப் பார்த்தும் பலனில்லை. இப்போது ஈ.சி.எம்., அதாவது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர், போயிருக்கும் என்கிறார். இன்னொரு பட்டறையில், டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்து ஃபேனை டைரக்டாகக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். எதைச் செய்வது?

இரண்டையும் இப்போதைக்குச் செய்யாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் (கூலன்ட்) சூட்டை அளக்கும் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் மேல்தான். சென்சார் நன்றாக இருந்தால், அதற்குப் போகும் இரண்டு ஒயரில் ஒன்று, அல்லது அதன் பிளக். ஈ.சி.எம். பட்டியலில் கடைசி.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஃபேன் யார் சொல்லி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். அம்பாசடர் காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. ஃபேன் எஞ்சினோடு பெல்ட்டில் சுற்றும், எஞ்சின் ஓடினால் அதுவும் ஓடும். எஞ்சினைக் குறுக்கே வைத்து முன் சக்கரத்தை இழுக்க வைக்கும் கார்கள் வந்தபோது, எஞ்சினின் புல்லி ரேடியேட்டர் பக்கம் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. அதனால் ஃபேனுக்குத் தனி மோட்டார் வந்தது. கார்பரேட்டர் வைத்த பழைய சின்னக் கார்களில் அந்த மோட்டாரை இயக்குவது ஒரு எளிய தெர்மோ சுவிட்ச். சூடானால் ஒட்டும், ஆறினால் விடும். அந்த மாதிரிக் காரில் ஃபேன் நிற்கவில்லை என்றால் சுவிட்சின் பிளக்கைப் பிடுங்கினாலே விடை தெரிந்துவிடும்: ஃபேன் நின்றால் சுவிட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது, மாற்றிவிடலாம்.

உங்கள் காரில் ஒரு படி கூடுதல். சென்சார் வெப்பத்தைச் சொல்கிறது, ஈ.சி.எம். முடிவெடுத்து ரிலேயின் காயிலுக்கு எர்த் கொடுக்கிறது, ரிலே ஒட்டி பேட்டரியிலிருந்து மோட்டாருக்குக் கரண்டை விடுகிறது. பெரும்பாலான கார்களில் ரிலேயின் கனத்த ஒயர் ஃபியூஸ் வழியாக நேரே பேட்டரியிலிருந்து வருவது. சாவி எடுத்தாலும் அதில் 12 வோல்ட் இருக்கும். ஆகவே ரிலேயின் கான்டாக்ட் உருகி ஒட்டியிருந்தால் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் ஓடியே தீரும், காலையில் பேட்டரி இறங்கியிருக்கும். உங்கள் ஃபேன் சாவி எடுத்தால் நிற்கிறது என்பதிலிருந்தே ரிலே ஒட்டவில்லை, யாரோ அதற்கு ஆணை கொடுக்கிறார்கள் என்று தெரிகிறது. ரிலே மாற்றியது வீண் செலவு. பரவாயில்லை, பழையதை டிக்கியில் போட்டு வையுங்கள், உதவும்.

அந்த ஆணையை ஈ.சி.எம். ஏன் கொடுக்கிறது? தனக்கு வெப்பம் தெரியாமல் போனால் அது ஆபத்தில்லாத பக்கம் சாய்ந்துகொள்ளும்படி எழுதப்பட்டிருக்கிறது. எஞ்சின் கொதிக்கிறதா என்று தெரியவில்லை, ஃபேனையாவது ஓட விடுவோம் என்ற கணக்கு. இங்கே நாம் கோளாறு என்று நினைப்பது உண்மையில் ஒரு காவல் ஏற்பாடு.

சென்சாருக்குள் இருப்பது சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு தெர்மிஸ்டர். ஈ.சி.எம். ஒரு ஒயரில் 5 வோல்ட் அனுப்புகிறது, மற்றது எர்த். சூடான எஞ்சினில் அந்த 5 வோல்ட் அரை வோல்ட் பக்கம் இறங்கும், குளிர்ந்த எஞ்சினில் மேலே நிற்கும். ஒயர் அறுந்தாலோ பிளக் கழன்றாலோ 5 வோல்ட் அப்படியே நிற்கும். அதை ஈ.சி.எம். மைனஸ் 40 டிகிரி என்று படிக்கும். சென்னையிலோ மதுரையிலோ மைனஸ் 40 வர வாய்ப்பில்லை என்பது அதற்கும் தெரியும். எனவே பி0118 என்ற கோளாறுக் குறியீட்டை (கோடு) நினைவில் பதிந்து, செக் எஞ்சின் விளக்கைப் போட்டு, ஃபேனை ஓட விடும். இதற்கு நேர் எதிராக இரண்டு ஒயரும் ஒன்றோடொன்று உரசி ஷார்ட் ஆனால், எஞ்சின் பயங்கரமாகக் கொதிப்பதாகப் படிக்கும். அப்போது வருவது பி0117. அந்த நிலையில் சிவப்பு விளக்கு மின்னும், ஏ.சி. கம்ப்ரசரையும் ஈ.சி.எம். வெட்டிவிடும். உங்களுக்குச் சிவப்பு விளக்கு வரவில்லை என்பதால்தான் ஷார்ட்டை விட்டுவிட்டு அறுந்த இணைப்பு என்று ஊகிக்கிறேன். மைலேஜ் குறைந்ததும் இதோடு பொருந்துகிறது. எஞ்சின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று நம்பிக்கொண்டு கூடுதல் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டிருக்கும்.

சரி, ஊகத்தை எப்படி உறுதி செய்வது? ஈ.சி.எம். சொல்வதைக் கைபேசியில் புளூடூத் வழியாகக் காட்டும் சின்ன ஓ.பி.டி. அடாப்டர் (ஸ்கேனர்) ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது தெரிந்தவரிடம் கடன் கேளுங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் அதைச் செருகி, இராத்திரி முழுக்க நின்ற காரில், காலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து இரண்டு எண்களைப் பாருங்கள்: கூலன்ட் வெப்பம், உள்ளே போகும் காற்றின் வெப்பம். ஆறிப்போன எஞ்சினில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 29, கூலன்ட் 30 என்றால் சென்சார் உண்மை பேசுகிறது. கூலன்ட் மைனஸ் 40 என்றால் இணைப்பு அறுந்திருக்கிறது. இங்கே ஒரு சிக்கல் உண்டு: சில கார்களில் சென்சார் போனதும் ஈ.சி.எம். தானாக 80 டிகிரி மாதிரி ஒரு எண்ணை வைத்துக்கொண்டு வேலையை ஓட்டும், ஸ்கேனரிலும் அதையே காட்டும். பார்க்கிறவர் ‘80தானே, நார்மல்’ என்று விட்டுவிடுவார். விடிகாலையில் ஸ்டார்ட் செய்யாத காரில் 80 எப்படி நார்மல் ஆகும்? எஞ்சின் ஓடி சூடான பிறகு பட்டறையில் போய் ஸ்கேன் செய்தால் இந்தப் பொய் வெளியே தெரியாது. அதனால்தான் காலைச் சோதனையை வலியுறுத்துகிறேன்.

அடுத்த சோதனைக்கு ஒரு துண்டு ஒயர் போதும், ஈ.சி.எம். மாற்றும் பேச்சுக்கு முடிவு கட்டுவதும் இதுதான். சென்சார் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சின்னப் பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் (ரேடியேட்டருக்குக் கூலன்டைத் திறந்துவிடும் வால்வு) உட்காரும் இடத்தின் பக்கத்தில், சிலிண்டர் ஹெட்டின் ஓரத்தில், இரண்டு பின் பிளக்கோடு இருக்கும். சாவியை ஆஃப் செய்து, பிளக்கைக் கழற்றி, ஒயர் பக்கத்துப் பிளக்கின் இரண்டு பின்னையும் அந்தத் துண்டு ஒயரால் இணைத்துவிட்டு, சாவியை ஆன் செய்யுங்கள். ஸ்கேனரில் வெப்பம் 120க்கும் மேலே எங்கேயோ எகிறினால், ஈ.சி.எம்.மும் அதுவரை போகும் ஒயரும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். குற்றவாளி சென்சார்தான், அல்லது சரியாக உட்காராத பிளக். ஒயரை இணைத்தும் மைனஸ் 40 மாறவே இல்லை என்றால் பெரும்பாலும் நடுவில் ஒயர் அறுந்திருக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: சென்சாரில் மூன்று பின் இருந்தால் இந்த வேலை வேண்டாம். மீட்டருக்கும் ஈ.சி.எம்.முக்கும் சேர்த்து வைத்த சென்சார் அது. எந்தப் பின் எது என்று தெரியாமல் இணைக்கக் கூடாது.

சென்சாரைத் தனியாகவும் சோதிக்கலாம். மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து இரண்டு பின்னுக்கும் இடையே பாருங்கள். பல கார்களில், நம் ஊர்க் காலை 30 டிகிரியில் 1,500இலிருந்து 2,300 ஓம் வரை காட்டும். எஞ்சின் 80க்கு வந்தால் 300 சொச்சம், 100 டிகிரியில் 200க்கும் கீழே. சரியான எண் காருக்குக் கார் மாறும், ஆனால் சூடு ஏற ஏற சீராக இறங்க வேண்டும். எல்லையில்லாமல் நின்றாலோ, ஆடி ஆடிக் குதித்தாலோ சென்சார் காலி.

சென்சார் நன்றாக இருந்து ஒயர்தான் கெட்டது என்றால், முதலில் பிளக்குக்குள் பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் அறையை பிரஷர் வாட்டர் அடித்துக் கழுவும் பழக்கம் இதற்கு ஒரு பெரிய காரணம். பானெட்டுக்குக் கீழே பளபளப்பு வந்து யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. இன்னொரு காரணம் எலி. மழைக்காலத்தில் சூடான எஞ்சின் அறைக்குள் வந்து படுத்து, கையில் கிடைத்த ஒயரைக் கடித்துவிடும். பேட்டரி தட்டின் அடியிலும், எஞ்சின் அறையை உட்காரும் இடத்திலிருந்து பிரிக்கும் ஃபயர்வால் தகட்டின் ஓரத்திலும் துருவிப் பாருங்கள், எச்சம் கிடந்தால் அந்தப் பக்கத்து ஒயர் டேப்பைப் பிரித்துப் பாருங்கள். சமீபத்தில் கூலன்ட் மாற்றியிருந்தாலோ ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி மாட்டியிருந்தாலோ, பிளக்கைத் திருப்பி மாட்ட மறந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

இத்தனையும் சரியாக இருந்து, ஸ்கேனரில் வெப்பமும் உண்மையாகவே 30 காட்டி, அப்போதும் ஃபேன் ஓடினால் கதை வேறு. முதலில் ஏ.சி. பக்கம் பாருங்கள். பட்டன் ஆஃபில் இருந்தாலும், முன் கண்ணாடிப் பனியை நீக்கும் நிலையில் குமிழ் இருந்தால் பல கார்களில் கம்ப்ரசர் தானாக ஓடும், அதோடு ஃபேனும் ஓடும். ஏ.சி. குழாயில் இருக்கும் பிரஷர் சென்சார் கெட்டுப்போனாலும் சில கார்களில் ஃபேன் நிற்காது. அதற்கென்று தனிக் கோளாறுக் கோடு வரும். அதுவும் இல்லையென்றால், ரிலேயிலிருந்து ஈ.சி.எம். வரை போகும் மெல்லிய கன்ட்ரோல் ஒயர் எங்காவது உரசி பாடியில் படுகிறதா என்று பார்க்க வேண்டும். ஈ.சி.எம். கொடுக்க வேண்டிய எர்த்தை பாடியே கொடுத்துவிடும், ரிலேக்கு வித்தியாசம் தெரியாது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஈ.சி.எம். பிளக்கையும் ரிலேயையும் எடுத்துவிட்டு, ரிலே சாக்கெட்டில் அந்த ஒயர் வரும் பின்னுக்கும் பாடிக்கும் இடையே மல்டிமீட்டர் பீப் அடித்தால் ஷார்ட் அங்கேதான். பீப் அடிக்கவில்லை, வெப்பம் உண்மை, ஏ.சி.யும் கேட்கவில்லை, அப்படியும் ஈ.சி.எம். எர்த் கொடுத்துக்கொண்டே இருக்கிறது என்றால், அப்போது ஈ.சி.எம். மேல் கை வைக்கலாம். அந்தக் கட்டத்திலும் புதிது வாங்குவதற்கு முன் ஈ.சி.எம். ரிப்பேர் செய்பவரிடம் காட்டுங்கள். ரிலேயை இயக்கும் டிரைவர் என்ற மின்பாகம் மட்டும் போயிருந்தால் போர்டிலேயே சரி செய்துவிடுவார்கள்.

உங்களைப் போலவே ‘ஃபேன் நிற்கவில்லை’ என்று சொல்கிறவர்களில் பலருடைய கார் உண்மையிலேயே சூடாகத்தான் இருக்கும். அவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. ஸ்கேனர் 95, 100 என்று காட்டி, ஃபேன் ஓடியும் எண் இறங்கவில்லை என்றால் ஃபேனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வழக்கமாக 95இலிருந்து 100க்குள் ஓட ஆரம்பித்து, 90 பக்கம் வந்ததும் நிற்க வேண்டும். டேஷ்போர்டு முள்ளை நம்பி இதைச் சொல்ல முடியாது. பல கார்களில் அந்த முள் 75க்கும் 105க்கும் இடையே நடுவில் அசையாமல் நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். புதிய சின்னக் கார்கள் பலவற்றில் முள்ளே கிடையாது.

டிராஃபிக்கில் நிற்கும்போது வெப்பம் ஏறி, நெடுஞ்சாலையில் இறங்கினால் காற்றுப் பக்கம் பிரச்சினை: ஃபேன் வேகம் குறைவு, ஃபேனைச் சுற்றியிருக்கும் ஷ்ரௌட் கூடு உடைந்திருக்கிறது, மோட்டார் மாற்றியபோது ஒயரை மாற்றிக் கொடுத்து ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. கடைசியில் சொன்னதைக் கண்டுபிடிக்க, ஃபேன் ஓடும்போது கிரில்லுக்கு முன்னால் ஒரு காகிதத்தைப் பிடியுங்கள். உள்ளே இழுக்க வேண்டும், வெளியே தள்ளக் கூடாது. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது ஏறினால் தண்ணீர்ப் பக்கம்: ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, வாட்டர் பம்ப், முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட். ரேடியேட்டர் அடைப்புக்கு நம் ஊரில் முதல் காரணம் போர் தண்ணீர். உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி, குழாய்களுக்குள் சுண்ணாம்பு படிந்துவிடும். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிப் பாதி, அல்லது கலந்தே விற்கும் கூலன்ட். வேறு எதையும் ஊற்ற வேண்டாம். வெளிப்பக்கம் சுத்தமாகத் தெரிந்தாலும் ஏமாறாதீர்கள். முன்னால் தெரிவது ஏ.சி. கன்டென்சர். அதற்கும் பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தூசியும் பூச்சியும் கம்பளி போர்த்தினாற்போல் சேர்ந்திருக்கும். அழுத்தம் குறைந்த தண்ணீரைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக விட்டுக் கழுவ வேண்டும்.

ரேடியேட்டர் மூடியையும் மறக்க வேண்டாம். 0.9 அல்லது 1.1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. 0.9 பாரில் வெறும் தண்ணீரே 119 டிகிரி வரை கொதிக்காது, கூலன்ட் கலந்தால் இன்னும் மேலே போகும். ரப்பர் தளர்ந்த மூடி அந்தக் காவலை எடுத்துவிடும். எஞ்சின் சூடாக இருக்கும்போது மட்டும் மூடியைத் தொடாதீர்கள், முகத்தில் அடிக்கும்.

கோளாறே இல்லாமல் பயப்படுகிறவர்களும் உண்டு. ஏ.சி. போட்டுக்கொண்டு மே மாதம் சிக்னலில் நின்றால் ஃபேன் கிட்டத்தட்ட ஓடிக்கொண்டேதான் இருக்கும். வண்டியை நிறுத்தி சாவி எடுத்த பிறகு ஒன்றிரண்டு நிமிடம் ஓடுவதும் பல கார்களில் வடிவமைப்பே. 2020க்குப் பின் வந்த பி.எஸ்.6 டீசல் கார் வைத்திருப்பவர்கள், புகைக்குழாயின் ஃபில்டரில் சேர்ந்த கரியை எஞ்சின் தானே எரித்துக்கொள்ளும் நேரத்தில் ஃபேன் இரைச்சலோடு ஓடுவதைக் கேட்பார்கள். ஐடில் கொஞ்சம் ஏறியிருக்கும், சூடான வாடை வரும். முடிந்ததும் தானாக அடங்கும்.

இப்போது அந்த டைரக்ட் சுவிட்ச். ஃபேன் எப்போதும் ஓடினால் எஞ்சின் தேவைக்கு மேல் குளிர்ந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். தெர்மோஸ்டாட் இருக்கும்வரை அது நடக்காது. கூலன்ட் 82, 88 டிகிரிக்கு வரும்வரை அது ரேடியேட்டருக்கு வழியே விடாது. என் எதிர்ப்புக்குக் காரணம் வேறு. ஒன்று, ஃபேன் ஓடுவது உங்கள் காரின் நோய் இல்லை, அறிகுறி. சுவிட்ச் வைத்து அதை அடக்கினாலும் ஈ.சி.எம். குளிர் எஞ்சின் என்று நினைத்துப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டேதான் இருக்கும். நாளடைவில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெடும், அதன் விலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு, சுவிட்சைப் போட மறந்த ஒரு நாள் போதும், ஹெட் கேஸ்கெட் போய்விடும். மனைவியோ மகனோ வண்டியை எடுத்துப் போகும் நாளில்தான் அது நடக்கும். மூன்று, இந்த மோட்டார் பத்து ஆம்பியருக்கு மேல் இழுப்பது. டேஷ்போர்டு சுவிட்சுக்கு என்று மெல்லிய ஒயரில் ரிலே, ஃபியூஸ் இல்லாமல் இழுத்துவிட்டால் அந்த ஒயர் உருகித் தீப்பிடிக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று யாராவது சொன்னாலும் இதே பதில்தான்.

வேலையில் இறங்கும்போது ஒரு கவனம். எலக்ட்ரிக் ஃபேன் எஞ்சின் ஓடாதபோதும் திடீரென்று சுற்றும். சாவி ஆனில் இருக்கும்போது துப்பட்டா, சட்டைக் கை, விரல் எதுவும் பக்கத்தில் போக வேண்டாம். ரேடியேட்டர் பக்கம் கை வைக்கும் முன் ஃபேனின் பிளக்கையோ பேட்டரி நெகட்டிவையோ கழற்றிவிடுங்கள்.

சென்சார்தான் என்று உறுதியானால், கம்பெனி பாகமாகவே வாங்குங்கள். ஈ.சி.எம். விலையில் ஒரு சிறு துளிதான் ஆகும். பெயர் தெரியாத மலிவுச் சென்சாரின் மின்தடை அளவு கொஞ்சம் தள்ளியிருந்தால், கோளாறுக் கோடு வராமலேயே தப்பான வெப்பத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும், அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மாற்றுங்கள். பழையதைக் கழற்றியதும் கொஞ்சம் கூலன்ட் வழியும், புதியதைக் கையில் தயாராக வைத்திருந்தால் கால் டம்ளரோடு முடிந்துவிடும். இழந்த அளவை ஊற்றி, ஸ்கேனரில் கோளாறுக் கோடை அழித்து, எஞ்சினை ஓட விடுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். கால் மணி நேரத்தில் வென்டில் நல்ல சூடு வர வேண்டும். வரவில்லை என்றால் உள்ளே ஏர் லாக், அதாவது குழாயில் சிக்கிய காற்று, இருக்கலாம், ஏர் வெளியேற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள். அப்புறம் ஏ.சி. போடாமல் ஐடிலில் விட்டு ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஃபேன் ஒரு முறை தானாக ஓடித் தானாக நின்றால் வேலை முடிந்தது. அப்படியும் நிற்கவில்லை என்றால், காலைச் சோதனையில் வந்த இரண்டு எண்ணையும், துண்டு ஒயர் வைத்தபோது வந்த எண்ணையும், காரின் மாடலையும் எழுதுங்கள், அங்கிருந்து பார்ப்போம்.